கிரெயின்ஃபாதர் ஜி30: நம் ஊர் சமையலறைக்குச் சரிப்படுமா?

ஓய்வு பெற்ற நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சொந்தமாக பியர் காய்ச்சலாம் என்று இறங்கினால், முதலில் கண்ணில் படுவது இந்த மாதிரி மின் டிரம்தான். நியூசிலாந்தில் உருவான கிரெயின்ஃபாதர் ஜி30 அந்த வகையில் நன்கு அறிமுகமான பெயர். 30 லிட்டர் கொள்ளளவு, 2000 வாட் ஹீட்டர், உள்ளே மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறும் கூடை, ஒரு பம்பு, கூடவே கொதித்த மால்ட் சாற்றை ஆறவைக்கும் செம்புக்குழாய்ச் சில்லர். காய்ச்சுகிற வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதில் குறையில்லை. ஆனால் சிங்கப்பூரில் பியர் கெடுவது அடுப்பில் இருக்கும்போது அல்ல, இறக்கிய பிறகு. ஆறவைப்பதற்கு இந்தப் பெட்டியில் பாதி விடைதான் இருக்கிறது. நொதிக்கவைப்பதற்கு அதுவும் இல்லை.

வாங்குவதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடலாம். வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்கு பியர் காய்ச்ச உரிமம் வேண்டாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாதத்துக்கு 30 லிட்டரைத் தாண்டக்கூடாது, விற்கக்கூடாது, வாலை வடிக்கும் (சாராயமாகக் காய்ச்சி வடிக்கும்) பேச்சே கூடாது. 30 லிட்டர் என்பது வீட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஆகவே ஐந்து நண்பர்கள் ஒரே வீட்டில் கூடி ஐந்து மடங்கு காய்ச்ச முடியாது. ஜி30 ஒரு தடவைக்கு 23 லிட்டர் தரும். ஒரு வீட்டில் மாதம் ஒருமுறைக்கு மேல் இல்லாமல், டிரம்மை வீடு வீடாகச் சுற்றில் விடுவதுதான் குழுவுக்குத் தோதான ஏற்பாடு. காலி டிரம் காரின் பின்பகுதியில் அடங்கிவிடும்.

5 கிலோ மால்ட்டில் ஒரு சாதாரண பேல் ஏல் (வெளிர்நிற பியர் வகை) என்று வைத்துக்கொண்டால் தண்ணீர்க் கணக்கு இது. ஊறவைக்க மால்ட் எடையை 2.7-ஆல் பெருக்கி 3.5-ஐக் கூட்ட வேண்டும்: 17 லிட்டர். மால்ட்டில் ஒட்டிய சர்க்கரையைக் கழுவி இறக்க, கொதிக்கத் தொடங்கும்போது வேண்டிய 28 லிட்டரிலிருந்து அந்த 17-ஐக் கழித்து, கிலோவுக்கு 0.8 லிட்டர் சேர்க்க வேண்டும்: 15 லிட்டர். மொத்தம் 32. இந்தக் கழுவு தண்ணீரை 75 டிகிரிக்குச் சூடாக்கத் தனிப் பாத்திரம் தேவை, அது பெட்டியில் வராது. பெரிய சமையல் பானையும் கேஸ் அடுப்பும் போதும். மின்சாரக் கொதிகலன் வைத்திருப்பவர்கள் அதையும் டிரம்மையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகிவிடாதீர்கள். 13 ஆம்பியர் சாக்கெட்டின் வரம்பு சுமார் 3000 வாட். டிரம் ஒன்றே 2000 தின்றுவிடும்.

நம் குழாய்த் தண்ணீரைப் பற்றி விளக்கக் கையேடு எதுவும் சொல்லாது. பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமிநீக்கத்துக்கு குளோரமின் பயன்படுத்துகிறது. குளோரினைப் போல அது கொதியில் எளிதாகப் போவதில்லை. மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள பீனால்களோடு சேர்ந்து பியரில் பிளாஸ்திரி வாடை அடிக்கவைக்கும். முழு 32 லிட்டருக்கும் அரை கேம்ப்டன் மாத்திரையை (குளோரமினை முறிக்கும் சல்ஃபைட் மாத்திரை) பொடித்துக் கலக்கினால் தீர்ந்தது, சில நிமிடங்கள் போதும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. அதே 32 லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு போட்டால் லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் கால்சியம் ஏறும். ஈஸ்ட் அடியில் நன்றாகப் படியும்.

மால்ட்டை உடைக்காமல் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது. உடைத்த மால்ட் நம் ஈரப்பதத்தில் வெகு சீக்கிரம் நமுத்துப்போகும், வண்டும் வைக்கும். உடைக்கும்போது உமி முழுசாக நிற்க வேண்டும், உள்ளிருக்கும் மணி இரண்டு மூன்றாகப் பிளந்தால் போதும். ரவை பதத்துக்கு அரைத்தால் கூடை அடைத்துக்கொள்ளும். பம்பு மேலே தள்ளும் தண்ணீர் மால்ட் வழியாக இறங்காமல் நடுக்குழாயில் வழிந்து நேரே கீழே போகும். திரையில் 67 டிகிரி காட்டும், ஆனால் மால்ட்டின் நடுப்பகுதி அதற்குக் கீழே கிடக்கும், சர்க்கரையும் சரியாக இறங்காது. பம்பு வால்வைப் பாதி மூடி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் சமாளிக்கலாம். கிளறும்போது அடியில் உள்ள பம்பு வடிகட்டியைக் கரண்டியால் தட்டிவிடக் கூடாது. அதன் சிலிக்கோன் மூடி கழன்றால் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூள் பம்புக்குள்ளும் சில்லருக்குள்ளும் போய்விடும். உபரி மூடி ஒன்று வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

67-ல் ஒரு மணி நேரம், 75-ல் பத்து நிமிடம், பிறகு கூடையைத் தூக்க வேண்டும். அறுபது தாண்டியவர்கள் யோசிக்க வேண்டிய கட்டம் இது. 5 கிலோ மால்ட் தண்ணீரோடு மேலே வரும்போது கூடையையும் சேர்த்து 12 கிலோவைத் தாண்டும். சுடச்சுடச் சொட்டும் கூடையை நேராகத் தூக்கித் திருப்பி விளிம்பு வளையத்தில் உட்காரவைக்க வேண்டும். டிரம்மைச் சமையல் மேடையில் வைத்தால் தோள் உயரத்துக்குத் தூக்க நேரும், அது வேண்டாம். முழங்கால் உயரத்துக்கும் குறைவான, ஆடாத முக்காலியில் வையுங்கள். சாற்றை மேலேற்றத்தான் பம்பு இருக்கிறதே. கம்பிப் பிடியின் இரு பக்கமும் ஆளுக்கு ஒருவர், கையில் தடித்த ரப்பர் கையுறை.

கொதிக்கவிடும்போது அடியில் படிந்த மாவு தீய்ந்தால் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து ஹீட்டர் நின்றுவிடும். மறுபடி இயக்கும் பொத்தான் டிரம்முக்கு அடியில் இருக்கிறது. 25 லிட்டர் கொதிக்கும் சாற்றைச் சாய்த்துப் பார்க்க வைக்கும் இந்த வடிவமைப்பை மன்னிக்க முடியவில்லை. நடுவே இடைவெளியுள்ள மரச்சட்ட முக்காலியாக இருந்தால் சாய்க்காமலே விரல் போகும். கொதி ஏறும் முன் அடியை நீண்ட கரண்டியால் ஒருமுறை வழித்துவிட்டால் பெரும்பாலும் சுவிட்ச் விழாது.

அடுத்து சில்லர். கொதித்த சாறு உள்குழாயிலும் குழாய்த் தண்ணீர் அதைச் சுற்றி எதிர்த்திசையிலும் ஓடும். குளிர்நாட்டில் இது அற்புதம். இங்கே குழாயில் வருவதே 28, 30 டிகிரித் தண்ணீர். ஆகவே சாறு 32 அல்லது 33-க்குக் கீழே வராது, எவ்வளவு நேரம் ஓட்டினாலும். யூஎஸ்-05 போன்ற ஏல் ஈஸ்ட்டை அந்தச் சூட்டில் போட்டால் காட்டமான சாராய வாடையும் பழ வாடையும் கிளம்பும். மறுநாள் தலைவலி உறுதி. வழி மூன்று.

33 வரை குழாய்த் தண்ணீரில் இறக்கிவிட்டு, பிறகு மீன்தொட்டி பம்பால் ஐஸ் தண்ணீரைச் சில்லரில் சுற்றவிடலாம். 23 லிட்டரை 33-லிருந்து 20-க்குக் கொண்டுவர, கணக்குப்படி 3 கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் போதும். விரயத்தோடு 6 கிலோ வாங்குங்கள். இரண்டாவது வழி, 33-லேயே சுத்தமான வாளியில் மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலை ஈஸ்ட் போடுவது. வாளியும் குழாயும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருந்தால் இதில் ஆபத்து குறைவு, உழைப்பும் மிச்சம். மூன்றாவது, நார்வே நாட்டு குவேக் ஈஸ்ட். லாலிமண்ட் நிறுவனத்தின் வாஸ் வகை 35 டிகிரிக்கு மேலேயே நன்றாக வேலை செய்யும். ஆரஞ்சுத் தோல் மணம் பிடித்தவர்களுக்கு ஐஸும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். எல்லா வகை பியருக்கும் அது பொருந்தாது.

சில்லரின் குழாய் இணைப்பு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு நெளிகழுத்துச் சமையலறைக் குழாயில் சரியாக உட்காருவதில்லை, துணி சுற்றிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். வாஷிங் மெஷின் குழாயில் மாட்டுவது மேல். வெளியே வரும் முதல் இரண்டு வாளி சுடுநீரைக் கழுவுவதற்குப் பிடித்து வையுங்கள்.

பழைய ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜும் இங்க்பேர்டு ஐடிசி-308 போன்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்காமல் ஜி30 வாங்குவது வீண் செலவு. கையில் பணம் அளவாக இருந்தால் முதலில் ஃபிரிட்ஜ், டிரம்மைப் பிறகு பார்க்கலாம். மால்ட் சாரத்தை (எக்ஸ்ட்ராக்ட்) வைத்துச் சாதாரணப் பானையிலேயே தொடங்க முடியும். கருவியின் உணரியைக் காற்றில் தொங்கவிடாமல் வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே பஞ்சுத்துண்டு வைத்து மூடுங்கள். நொதிக்கும் சாறு தானே சில டிகிரி சூடேறும்; காற்றை அளந்தால் அது தெரியாது. 18-ல் வையுங்கள், வேகம் அடங்கியதும் 20. இறுதி அடர்த்தி (நொதித்த பிறகு மிஞ்சும் சர்க்கரையைக் காட்டும் அளவு) இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் ஊற்ற வேண்டும், லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்.

கழுவ சோடியம் பெர்கார்பனேட், 60 டிகிரித் தண்ணீர், 20 நிமிடச் சுற்று. சில்லரில் துளி சாறு நின்றாலும் மறுநாள் எறும்பு.

விற்கும் எண்ணம் இருந்தால் கதை வேறு. உரிமம் சுங்கத்துறையில் வாங்க வேண்டும், இடத்துக்கும் உணவுக்கும் தனித்தனி அனுமதிகள். உள்ளூர் பியருக்கு உற்பத்தி வரி ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி. 5 விழுக்காட்டு பியர் 330 மில்லி பாட்டிலுக்கு அது 99 காசு, மால்ட் வாங்குவதற்கு முன்பே. பொருள் சேவை வரி அதற்கு மேல். ஆகவே ஜி30-ஐச் செய்முறை பழகும் கருவியாக வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் காய்ச்சித் தரும் ஆலையிடம் போவதே பல குழுக்களுக்குக் கட்டுபடியாகும். ஆலைக்கு லிட்டர் கணக்கை எடுத்துப் போகாதீர்கள். தொடக்க அடர்த்தி, இறுதி அடர்த்தி, மால்ட் விகிதம், ஹாப்ஸின் ஆல்ஃபா அமில விழுக்காடு (கசப்புத் திறன்), ஈஸ்ட் போட்ட வெப்பநிலை இவற்றை எழுதிக் கொடுங்கள். கொதி முடியும்போது போடும் ஹாப்ஸ் பெரிய கொப்பரையில் சூட்டோடு அதிக நேரம் கிடக்கும், கசப்பு கூடும். அந்த அளவை மட்டும் ஆலைக்காரர் சொல்கிறபடி குறைத்துக்கொள்ளுங்கள்.