ஆறு அடி வேலி மூன்று அடியாக இறங்கும் இடம்

இங்கிலாந்தில் வீட்டுக்கு வேலி போடுகிறவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலுக்கு வந்து சேர்கிறார்கள். தனி அனுமதி வாங்காமல் கட்டும் வேலி, பொதுவாக 2 மீட்டர் வரை உயரலாம். வாகனம் செல்லும் சாலையை ஒட்டிய இடத்தில் மட்டும் அது 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆகவே, பின்தோட்டத்தை மறைத்து நிற்கும் 6 அடி வேலி, தெருவை நெருங்கும்போது எங்கேயோ ஓரிடத்தில் 3 அடியாகச் சுருங்கியாக வேண்டும். அந்த ஓரிடத்தை எப்படி அமைப்பது என்பதில்தான் படி, நேர்ச்சாய்வு, வளைவு என்ற மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

மூன்றில் எளிதானது படி. கடையில் கிடைக்கும் ஆயத்த வேலித் தட்டிகள் பெரும்பாலும் 6 அடி அகலமும், 3, 4, 5, 6 அடி என ஒவ்வோர் அடியாகக் கூடும் உயரமும் கொண்டவை என்பதால், ஆறுக்கும் மூன்றுக்கும் நடுவே ஐந்தடித் தட்டி ஒன்றையும் நாலடித் தட்டி ஒன்றையும் செருகினால் வேலை முடிந்துவிடும். ரம்பம் எடுக்க வேண்டியதே இல்லை. பள்ளம் விட்ட கான்கிரீட் தூண்களுக்கு இடையில் தட்டியை மேலிருந்து இறக்கும் முறையில் இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: புயற்காற்றில் ஒரு தட்டி உடைந்தால், அதே அளவில் வேறொன்றை வாங்கி அன்றே மாட்டிவிடலாம். குறை தோற்றத்தில்தான். சரிந்த நிலத்தில் படிகள் நிலத்தோடு சேர்ந்து இறங்குவதால் இயல்பாகத் தெரிகின்றன. சமதளத்தில் அதே படிகள், காரணமில்லாமல் யாரோ பாதியில் விட்டுப்போன மாடிப்படியைப் போல நிற்கின்றன.

நேர்ச்சாய்வு அடுத்தது. ஒரே தட்டிக்குள் 3 அடி இறக்கினால் மேல்விளிம்பு சுமார் 27 பாகை சாயும். இரண்டு தட்டிகளுக்குப் பரப்பினால் 14 பாகைதான். இதன் பெரும் பலம் மழைக்காலத்தில் தெரியும். செங்குத்தாக நிற்கும் நெடுக்குப் பலகையின் நுனியை வெட்டும்போது மரத்தின் நார்முனை திறந்துகொள்கிறது. தண்ணீர் உள்ளே புகுவதும், பின்னர் உளுத்துப்போவதும் பெரும்பாலும் அவ்வழியாகத்தான். சாய்வு நேராக இருந்தால் ஒரே நீளச் சட்டத்தை அதன் மேல் மூடியாக அறைந்துவிடலாம். வளைவுக்கு அப்படி நேர்ச்சட்டம் பொருந்தாது. மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து ஒட்ட வேண்டும், அல்லது வெட்டுமுனைகளுக்கு மரக்காப்பு மருந்து பூசிவிட்டு, அவ்வப்போது மீண்டும் பூச வேண்டும். ஆயினும் நேர்ச்சாய்வின் இரு முனைகளிலும் ஒவ்வொரு முறிவு இருக்கிறது. பார்வை அங்கேயே போய்த் தட்டுகிறது.

என் கருத்தில், உயரம் மாறும் வேலியின் அழகு தட்டியின் நடுவில் இல்லை. பக்கத்துத் தட்டிகளின் மேல்விளிம்பை அது தொடும் இரண்டு முனைகளில்தான் இருக்கிறது. பலரும் விரும்பிக் கேட்கும் ஒற்றைக் குழிவு வளைவு இந்தச் சோதனையில்தான் பாதி தோற்கிறது. ஆறடித் தட்டியில் 3 அடி இறங்கும் வட்டவில்லுக்கு ஆரம் ஏழரை அடி. தாழ்ந்த முனையில் அது மட்டமாக வந்து அழகாகச் சேர்கிறது, உயர்ந்த முனையிலோ 53 பாகைச் சரிவில் பாய்கிறது. நேர்ச்சாய்வின் கோணத்தைப் போல் சரியாக இருமடங்கு! அந்த இடத்தில் 4 அங்குலப் பலகை ஒன்றின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் இடையே கிட்டத்தட்ட 5 அங்குல வித்தியாசம் வரும். அப்படிக் கூர்ந்து நிற்கும் மெல்லிய நுனி எளிதில் பிளந்துவிடும்.

இரு முனைகளிலும் மட்டமாகச் சேர்வது, மேலே புடைத்துக் கீழே குழியும் இரட்டை வளைவு. அதையும் ஒரே தட்டிக்குள் இரண்டு வட்டவில்களால் வரைந்தால் நடுவில் அதே 53 பாகை வந்துவிடும் என்பதால், கவராயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கணு இல்லாத மெல்லிய ரீப்பர் (நீண்ட மரப்பட்டை) ஒன்றை எடுப்பதே நல்லது. அதன் இரு முனைகளையும் ரசமட்டம் பார்த்துக் கிடையாக இறுக்கிப் பிடித்தால், அது தானாகவே மென்மையான வளைவைக் காட்டும். அந்தக் கோட்டின் உச்சச் சரிவு நேர்ச்சாய்வைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். இரண்டு தட்டிகளுக்கு, அதாவது 12 அடிக்கு, அதைப் பரப்பினால் நடுவிலும் சுமார் 21 பாகைக்கு மேல் போகாது. கோட்டை முதலில் ப்ளைவுட்டில் வெட்டி, சற்றுத் தள்ளி நின்று பார்த்த பிறகே பலகைகளில் வரைய வேண்டும்.

வளைவும் சாய்வும் நெடுக்குப் பலகைக்கே உரியவை. கிடைப்பலகை வேலியில் சாய்த்து வெட்டினால் மேல்வரிப் பலகைகள் ஊசியாக மெலிந்து முடியும். அங்கே படியைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். இடைவெளி விட்ட குச்சிவேலிக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஏனெனில் ஒவ்வொரு குச்சியும் தன் தலையைத் தானே வைத்துக்கொண்டு வளைவின் வழியே சிறிது சிறிதாகக் குட்டையாகிப் போகும்.

நிலமே சரிந்திருந்தால் கணக்கு மாறுகிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஆறடித் தட்டியை மட்டமாக வைத்தால் ஒரு முனையில் 7 அங்குலத்துக்குச் சந்து விழும். அதை அடிப்பலகையால் அடைக்கலாம். அல்லது அந்த இடத்திலேயே வேலியைக் கட்டி, குறுக்குச்சட்டங்களை நிலத்துக்கு இணையாகச் சாய்த்து, பலகைகளை மட்டும் தூக்குக்குண்டுக்கு நேராக நிறுத்தலாம். பின்னதே பார்வைக்கு நன்றாக இருக்கும். அதன் மேல் வளைவையும் சேர்த்தால் இரண்டு சரிவுகள் ஒன்றையொன்று குழப்பும்.

சமதளத்தில் 12 அடி இடம் கிடைத்தால் இரட்டை வளைவையும், ஒரே தட்டிதான் என்றால் மூடியிட்ட நேர்ச்சாய்வையும் தேர்வேன். எதுவாயினும் தூணை மறந்துவிடக் கூடாது. குறித்த நீளங்களில் வரும் கான்கிரீட் தூணை நடுவழி உயரத்துக்குக் குறைக்க, இன்னும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியிருக்கும். மரத்தூணாக இருந்தால், அதைச் சற்று நீளமாகவே நட்டு, தட்டி ஏறிய பிறகு வளைவின் கோடு செல்லும் கோணத்திலேயே தலையை அறுத்து, அந்த வெட்டிலும் மருந்து பூசிவிடலாம்.