பாங்காக்கில் இரண்டே நாள்: அரண்மனையா வாட் போவா, அயுத்தயாவா மிதக்கும் சந்தையா?

பட்டாயா, புக்கெட் போகிற வழியில் பாங்காக்குக்கு இரண்டு நாள் ஒதுக்குபவர்கள்தான் நம்மூரிலிருந்து அதிகம் போகிறார்கள் என்று நினைக்கிறேன். ஏஜென்ட் தரும் பட்டியலில் அரண்மனை, மூன்று கோயில், மிதக்கும் சந்தை, ரயில் சந்தை, சஃபாரி, ரத்தினக்கல் கடை, போதாததற்கு ராத்திரி கப்பல் விருந்து என எல்லாமே இருக்கும். அத்தனையையும் முடித்துவிடலாம், ஆனால் ஊரில் பாதியை வேன் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள். பாங்காக்கின் டிராஃபிக் அப்படி. ஆகவே எதைச் சேர்ப்பது என்பதை விடுங்கள், எதை வெட்டுவது என்று பார்ப்போம்.

முதல் நாள் பழைய நகரம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கேள்வி, அங்கே போய் அரண்மனைக்குள் நுழைவதா, அல்லது அதைத் தாண்டிப் போய் வாட் போ, வாட் அருண் என்ற இரண்டு புத்தர் கோயில்களையும் பார்ப்பதா என்பதுதான்.

அரண்மனைக்கு டிக்கெட் 500 பாட். வாட் போ 300, வாட் அருண் 200, ஆக அதுவும் 500. காசு கணக்கு சரிக்குச் சரி, அதனால் மற்றதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 1782இல் முதலாம் ராமா தலைநகரை ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து இந்தப் பக்கம் மாற்றியபோது கட்ட ஆரம்பித்த அரண்மனை இது. உள்ளே மரகத புத்தர் இருக்கிறார், பச்சைக் கல்லில் செதுக்கிய சிறிய சிலை, 66 செ.மீ. உயரம்தான். வருஷத்துக்கு மூன்று முறை பருவம் மாறும்போது மன்னரே வந்து சிலைக்கு உடை மாற்றுவது வழக்கம். ஆனால் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுதான் நடக்கும், சந்நிதிக்குள் படமும் எடுக்கக் கூடாது. அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நடக்க வேண்டியதுதான்.

அப்படியானால் எதற்குப் போவது? சுற்று மண்டபச் சுவருக்காகப் போகலாம். தாய்லாந்தின் ராமாயணமான ராமகியன் 178 ஓவியங்களாக அங்கே ஓடுகிறது, தங்கப் பூச்சு மின்ன, அனுமன் வெள்ளை உடம்போடு பக்கத்துக்குப் பக்கம் தாவுகிறார். கதை தெரிந்த நமக்கு வழிகாட்டி தேவையில்லை, யார் யார் என்று கண்டுபிடித்துக்கொண்டே நடக்கலாம், அங்கங்கே நம் கதையிலிருந்து விலகிப் போகிற இடம் வந்தால் நின்று முழிக்கலாம். பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் கூட்டம் இந்தச் சுவரை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்பது இன்னொரு வசதி. காலை எட்டரைக்குத் திறக்கும்போதே வாசலில் நிற்க முடிந்தால் போங்கள். பத்து மணிக்கு மேல் என்றால் வெயிலும் கூட்டமும் சேர்ந்து படுத்திவிடும், அப்போது வேண்டாம்.

வாட் போ அப்படி இல்லை, எந்த நேரத்திலும் தாங்கும். சயன புத்தர் 46 மீட்டர் நீளம், முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதம் வரை நடந்தால்தான் அளவு புரியும், அந்தப் பாதங்களில் முத்துச் சிப்பியில் 108 மங்கலச் சின்னங்களைப் பதித்திருக்கிறார்கள். பின்பக்கம் வரிசையாக 108 கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் சில்லறை போட்டுக்கொண்டே போவார்கள், அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலோர் இதோடு கிளம்பிவிடுகிறார்கள். வளாகத்தில் உடம்பை வளைத்து முறுக்கி உட்கார்ந்திருக்கும் ரிஷிகள் சிலைகளையும், மருத்துவக் குறிப்புகள் வெட்டிய கல்வெட்டுகளையும் பார்க்காமல் வராதீர்கள். மசாஜ் கற்றுத்தரும் பள்ளியும் இங்கேதான், நடந்து களைத்த காலுக்கு அங்கேயே அரை மணி நேரம் கொடுத்துவிடலாம்.

அங்கிருந்து தா தியென் படகுத்துறை கூப்பிடு தூரம். சில பாட் கொடுத்தால் அக்கரையில் வாட் அருண். தூரத்திலிருந்து வெள்ளைக் கோபுரம் மாதிரித் தெரிவது கிட்டே போனால் முழுக்க உடைந்த பீங்கான் துண்டுகளில் செய்த பூவேலை. வாடகைக்குத் தாய் உடை உடுத்திப் படம் எடுப்பவர்கள் படியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் ஓட்டு வாட் போ, வாட் அருண் ஜோடிக்கு. வயதான பெற்றோர், சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம். எங்கே போனாலும் தோளும் முட்டியும் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள், அரண்மனையில் இதில் ரொம்பக் கறார்.

போக்குவரத்து: டாக்ஸியை மறந்துவிடுங்கள். சபான் தக்சின் ஸ்கைட்ரெயின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சத்தோன் படகுத்துறை, அங்கிருந்து ஆரஞ்சுக் கொடி படகில் ஆற்றோடு போய்விடலாம். துறையில் சுற்றுலாப் படகு டிக்கெட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள், அது விலை பல மடங்கு, ஆரஞ்சுக் கொடி என்று கேட்டு ஏறுங்கள். சுகும்விட் பக்கம் தங்கினால் மெட்ரோ நீலப் பாதையில் சனம் சாய், 2019இல் திறந்த நிலையம், வாட் போ நடக்கும் தூரம். அரண்மனை வாசலருகே யாராவது நல்லவர் மாதிரி வந்து “இன்றைக்கு மூடியிருக்கிறது, டுக்டுக்கில் வேறு கோயில் காட்டுகிறேன்” என்றால், அந்த வண்டி கடைசியில் ரத்தினக்கல் கடையில்தான் நிற்கும். சிரித்துவிட்டு நடங்கள்.

இரண்டாம் நாள்தான் உண்மையான சண்டை. டாம்னொன் சதுவாக் மிதக்கும் சந்தை தென்மேற்கே சுமார் 100 கி.மீ. படத்தில் பார்த்த அதே தொப்பிப் பாட்டி, அதே பழப் படகு எல்லாம் இருக்கும், ஆனால் வாங்குகிறவர்களில் உள்ளூர்க்காரர்களைத் தேட வேண்டும். யானை பொம்மையும் டி-ஷர்ட்டும் கரையில் கிடைப்பதைவிட அதிக விலைக்குப் படகில் வந்து நிற்கும். படகுச் சவாரிக்குத் தனிப் பேரம். போக வர நாலு மணி நேரம், பார்ப்பது ஒன்றரை மணி நேரம். வழியில் மேக்லோங் ரயில் சந்தையைச் சேர்த்துக் காட்டுவார்கள், தண்டவாளத்தின் மேல் விரித்த காய்கறிக் கூடைகளை ரயில் வரும்போது சரசரவென்று இழுத்துக்கொள்வது நிஜமாகவே வேடிக்கைதான், அதற்காகப் போகிறேன் என்றால் நான் தடுக்க மாட்டேன். வெள்ளி முதல் ஞாயிறு வரை என்றால் பக்கத்திலுள்ள அம்பவா மாலைச் சந்தை மேல், அங்கே பாங்காக்வாசிகளே குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள்.

அயுத்தயா வடக்கே 80 கி.மீ. 1350 முதல் 1767இல் பர்மியப் படை எரிக்கும் வரை சயாமின் தலைநகரம். ஹுவா லம்போங்கிலிருந்து மூன்றாம் வகுப்பு ரயிலில் ஏறினால் ஒரு டீக்குக் கொடுக்கும் காசில் போய்விடலாம், ஏசி கிடையாது, மின்விசிறியும் திறந்த ஜன்னலும்தான், இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். வாட் மகாதாட்டில் ஆலமர வகை வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலையை எல்லாரும் படம் எடுப்பார்கள். படம் எடுக்கும்போது அதைவிட உயரமாக நிற்காமல் குனிந்து உட்கார வேண்டும். எனக்கு அதைவிட ஆற்றங்கரை வாட் சைவத்தனராம்தான், செங்கல் தெரியும் கோபுரங்களும் தலை போன சிலை வரிசையும், மாலை வெயிலில் பார்க்க வேண்டும்.

ஒரு குறை உண்டு. நிழலே கிடையாது. ஏப்ரலில் மத்தியானம் அங்கே சைக்கிள் மிதிப்பது வீரம் இல்லை. காலை ஏழு மணி வாக்கில் ரயில் ஏறி, பதினொன்று வரை சுற்றி, வெயிலுக்குச் சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கி, மூன்றுக்கு மேல் ஆற்றங்கரை போவது சரிவரும். சைவம் சாப்பிடுபவர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட “ஜே” கடை கண்ணில் பட்டால் தயங்காமல் நுழையலாம், அதில் முட்டைகூடக் கிடையாது.

இடிபாடு என்றாலே கொட்டாவி வருகிறவர்கள் ஊரைவிட்டுப் போகவே வேண்டாம். சனி, ஞாயிறு என்றால் காலையில் சட்டுசக் சந்தை. மற்ற நாளில் சிலோம் மாரியம்மன் கோயில், எரவான் பிரம்மா, ராத்திரி யவராட்டில் சீனத் தெருச் சாப்பாடு. மூன்றுக்கும் ரயிலிலேயே போய்வரலாம்.