பொள்ளாச்சி பலூன் திருவிழா: விடியற்காலையிலேயே போய்விடுங்கள்

திருப்பூரில் பதினெட்டு வருடமாகக் கட்டிங் மாஸ்டர் வேலை. எந்தத் துணியைப் பார்த்தாலும் கை தானாகத் தொட்டுப் பார்க்கும். 2015-லிருந்து பொங்கலை ஒட்டிப் பொள்ளாச்சியில் பலூன் திருவிழா நடக்கிறது. இந்த முறைதான் அம்மா, மனைவி, ஏழு வயது மகளோடு, திருவிழா நடக்கும் ஆச்சிப்பட்டி மைதானத்துக்குப் போய்வந்தேன்.

காலையில் போங்கள் என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது. நாலு மணிக்குக் கிளம்பி, பல்லடம் வழியாகப் போய், இருட்டு விலகுமுன் மைதானத்தில் நின்றோம். பலூன் பறப்பதை ஊரில் எந்த மொட்டை மாடியிலிருந்தும் பார்க்கலாம். தரையில் கிடக்கும் துணி எழுந்து நிற்பதை அங்கேதான் பார்க்க முடியும். பிரம்புக் கூடையைச் சாய்த்துப் போட்டு, துணியை நீளமாக விரித்து, பெரிய மோட்டார் ஃபேனால் காற்றை ஊதுகிறார்கள். மாடிவீடு உயரத்துக்கு உப்பியதும், உள்ளே உள்ள காற்றைத் தீயால் சூடாக்கும் பர்னரைத் திறக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் மகள் பயந்து அழுதுவிட்டாள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் முன்பே சொல்லி வையுங்கள். மூன்றாவது பலூனுக்குள் பழகி, கை தட்ட ஆரம்பித்தாள்.

நான் துணியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த ஒரு பைலட், கிட்டே வரச் சொல்லித் தொட்டுப் பார்க்க விட்டார். ரிப்ஸ்டாப் நைலான். கட்டம் கட்டமாகக் கனத்த நூல் ஓடுவதால், கிழிந்தாலும் கிழிசல் பரவாது. பேனல்களை இணைத்திருப்பது நாம் ஜீன்ஸ் பேன்ட்டுக்குப் போடும் அதே மடக்குத் தையல், இரட்டை ஊசி. தீ படக்கூடிய வாய்ப்பகுதிக்கு மட்டும் எளிதில் தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணி. மேலிருந்து கீழ்வரை ஓடும் நாடாக்கள்தான் கூடையின் பாரத்தைத் தாங்குகின்றன. 1783-இல் பிரான்ஸில் மாங்கோல்ஃபியே சகோதரர்கள் ஊர் மக்கள் முன் பறக்கவிட்ட முதல் பலூன், உள்ளே காகிதம் ஒட்டிய துணி. துண்டுகளைச் சேர்க்கச் சுமார் 1,800 பட்டன் போட்டிருந்தார்களாம். அத்தனைக்கும் காஜா எடுத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

பலூன்கள் கிளம்பியதும் அம்மா அங்கே நின்ற ஒரு பையனிடம், “ஏனுங் தம்பி, இதைய மறுக்கா இங்கியே ஓட்டியாந்துருவாங்களா?” என்று கேட்டார். “ஸ்டியரிங் இல்லீங்கம்மா, காத்து போற பக்கந்தான்” என்றான். உயரத்துக்கு உயரம் காற்று திசை மாறும். ஏறியும் இறங்கியும் தோதான காற்றைப் பிடிப்பதுதான் பைலட்டின் வேலை. தை மாதத்தில் இங்கே கிழக்கிலிருந்து வீசும் காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் போகும். பொள்ளாச்சியைச் சுற்றி எந்தப் பக்கமும் தென்னந்தோப்பு. அதற்கு நடுவே வெறும் காடு, அதாவது பயிரில்லாத நிலம், கண்ணில் பட்டால்தான் இறக்க முடியும்.

சாயங்காலம் பலூன்களைக் கட்டி நிறுத்தி, இருட்டியதும் பாட்டோடு பர்னரைப் போட்டு ஒளிரவிடுவார்கள். கார்த்திகை விளக்கை ஆள் உயரத்துக்கும் மேலே வைத்தது போல அழகு. ஆனால் கூட்டம் நெருக்கும். கயிறு கட்டிய பலூனில் ஆட்களை மேலே ஏற்றி இறக்குவதை, காற்று கூடியதால் நாங்கள் வரிசையில் நிற்கும்போதே நிறுத்திவிட்டார்கள். சிலர் கோபப்பட்டார்கள். பிள்ளையோடு நின்ற எனக்கு அவர்கள் செய்தது சரி என்றே பட்டது. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் வாங்கிய தக்காளி சாதம் ஆறிப்போய் இருந்தது.

இன்னொன்று, பலூன் கிளம்பியதும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். நாங்கள் பாலக்காடு ரோட்டில் ஒரு மஞ்சள் பலூன் பின்னாலேயே காரில் போனோம். அறுவடை முடிந்த ஒரு காட்டில் இறங்கியது. அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவந்து கூடையைப் பிடித்துக்கொண்டார்கள். காற்றை வெளியேற்றி, அவ்வளவு துணியையும் ஒரே பைக்குள் திணிக்க ஆள் போதவில்லை. நானும் ஒரு ஓரத்தைப் பிடித்தேன். துணி இன்னும் சூடாகவே இருந்தது.