காயில்ஓவரா, நல்ல ஷாக்கா? வடசென்னையில் ஓடும் சின்ன காருக்கு எது பொருந்தும்

ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, டியாகோ, போலோ என்று பெயர் வேறானாலும் அடியில் அமைப்பு ஒன்றுதான்: முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குத் தண்டான டார்ஷன் பீம். சஸ்பென்ஷனில் கை வைக்க நினைத்தால் உருப்படியான வழிகள் நாலு. கம்பெனி ஷாக்கையே புதிதாகப் போடலாம். அதே உயரத்தில் இன்னும் பிடிப்பான ஷாக் போடலாம். ஷாக்கை அப்படியே விட்டு, தாழ்வான ஸ்பிரிங் மட்டும் மாற்றலாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உயரம் மாற்றக்கூடிய ஷாக்-ஸ்பிரிங் செட்டான காயில்ஓவர் மாட்டலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட ரோட்டில் தினமும் ஓடும் காருக்கு, பணம் போக வேண்டிய இடம் ஷாக்கின் ரீபவுண்ட். அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்போது அதை இழுத்துப் பிடிக்கும் சக்தி. உயரத்தைக் குறைப்பதற்காகவே காயில்ஓவர் வாங்குகிறவர்கள்தான் அதிகம். வாங்கிவிட்டு வருந்துகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

வேகத்தடைக் கணக்கு

எவ்வளவு இறக்கலாம் என்பதை டயருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தெருவின் மேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். 2450 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) கொண்ட ஸ்விஃப்ட் அதன் நடுவில் வரும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். சக்கரங்களுக்கு நடுவே துருத்துவது சுமார் 44 மி.மீ. மட்டுமே. ஆனால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை உள்தெருக்களில் சிமென்ட் கொட்டிப் போட்ட மேடுகள் பலவும் ஒரு முழ அகலம்கூட இருக்காது. முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறும் முன்னால் முழு 10 செ.மீ.யும் வயிற்றுக்கு நேராக நிற்கும்.

2018இல் வந்த ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. அதில் 40 இறக்கினால் 123. நாலு பேர் ஏறினால் இன்னும் 20, 30 மி.மீ. உட்காரும். மிச்சம் நூறை ஒட்டி வந்துவிடும். அடி தட்டுவது சைலன்சர் பைப்போடு நின்றால் அதிர்ஷ்டம். எஞ்சின் ஆயில் தொட்டியான சம்ப் அடி வாங்கினால் எஞ்சினுக்கே ஆபத்து. எனவே வடசென்னைக்குள் ஓடும் காருக்கு 20, 25 மி.மீ.க்கு மேல் இறக்குவதை நாங்கள் எந்த வழியிலும் பரிந்துரைக்க மாட்டோம்.

கம்பெனி ஷாக், முழுசாக

பலரும் ஒதுக்கிவிடும் வழி இது. ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் "வண்டி மிதக்குது" என்ற குறைக்குப் பாதிக் காரணம் செத்த ஷாக், மீதிக் காரணம் சுற்றியிருக்கும் ரப்பர். வெறும் ஷாக்கை மாற்றினால் பாதி வேலைதான் முடியும். ஒரே தடவையில் போட வேண்டியவை: முன் ஸ்ட்ரட் இரண்டு, அதை மேலே பாடியோடு பிடிக்கும் டாப் மவுண்ட் இரண்டு, அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்), டஸ்ட் பூட், லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் (மூட்டு ரப்பர்), பின் ஷாக் இரண்டு. லேபர் எப்படியும் ஒரே லேபர்தான். ஒரு பக்கம் மட்டும் மாற்றும் வேலை மட்டும் வேண்டாம். பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் இரண்டாவது வழி: அதே ஸ்பிரிங், அதே உயரம், ஆனால் பிடிப்பான ஷாக். பில்ஸ்டைன் என்ற ஷாக் பிராண்டின் வரிசையை எடுத்துக்கொண்டால் பி4 கம்பெனி ஷாக்குக்கு மாற்று. பி6 கம்பெனி உயரத்துக்கே கூடுதல் பிடிப்போடு வருவது. தாழ்ந்த ஸ்பிரிங்குக்கென்று குட்டையாகச் செய்யப்பட்டது பி8. இந்த வித்தியாசம் தெரியாமல் பி8 வாங்கி கம்பெனி ஸ்பிரிங்கோடு மாட்டினால், சக்கரம் பள்ளத்தில் இறங்கப் போதிய நீளம் இருக்காது. உங்கள் காருக்கு பி6 ரகத்தில் ஒன்று கிடைத்தால், இந்த ஊருக்கு அதுதான் எங்கள் முதல் தேர்வு. பள்ளத்தில் விழும், எழும், அத்தோடு நிற்கும். ரெண்டாவது ஆட்டம் இருக்காது.

தாழ்வான ஸ்பிரிங் மட்டும்

விலை குறைவு, பார்க்க அழகு, தாங்குவது கஷ்டம். 30 மி.மீ. தாழ்ந்த ஸ்பிரிங் போட்டால் ஷாக் மேல்நோக்கிப் போக மிச்சமிருக்கும் பயணத்தில் 30 மி.மீ. அப்படியே போய்விடும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். ஸ்பிரிங் 30 சதவீதம் இறுகினால் அதை அடக்க ஷாக்கும் சுமார் 14 சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். பழைய ஷாக்கிடம் அது கிடையாது. ஸ்பிரிங் மாற்றியே தீர்வதென்றால் புது ஷாக்கோடு, அதுவும் குட்டை ஷாக்கோடு மாற்றுங்கள்.

ஸ்பிரிங்கை அறுப்பதைப் பற்றி ஒரே வரி: செய்யாதீர்கள். அறுத்த முனை சீட்டில் உட்காராது, கேஸ் கட்டிங் சூட்டில் எஃகின் பதம் போய்விடும், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறி நழுவலாம்.

இதற்கு நேர்மாறாக, வண்டியை உயர்த்த ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் உள்தெருக் கடைகளில் நன்றாக ஓடுகிறது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் கட்டிப்போட்டால் மீதி ஐந்துதான் வேலை செய்யும். இறுக்கம் 20 சதவீதம் ஏறிவிடும். ஷாக் அதே பழைய ஷாக். தூக்கிப் போடுவது குறையாது, கூடும்.

காயில்ஓவர்: எதற்குக் காசு கொடுக்கிறோம்

காயில்ஓவரில் இரண்டு ஜாதி. ஒன்றில் ஸ்பிரிங்கின் கீழ் சீட்டை மரையில் ஏற்றி இறக்கி உயரம் மாற்ற வேண்டும். இறக்க இறக்க ஷாக்கின் பயணம் குறையும், தாழ்வான ஸ்பிரிங்கில் ஆவதைப் போலவே. மற்றதில் கீழ் பிராக்கெட்டே மரையில் ஓடும். ஸ்பிரிங்கைத் தொடாமல் மொத்த நீளத்தை மாற்றலாம், ஷாக்கின் பயணம் அப்படியே இருக்கும். டெய்ன் பிராண்டின் ஸ்ட்ரீட் அட்வான்ஸ் இசட் முதல் ஜாதி, ஃப்ளெக்ஸ் இசட் இரண்டாவது. இரண்டிலும் டேம்பிங், அதாவது ஷாக்கின் பிடிப்பு, 16 நிலை. பில்ஸ்டைனில் பி14 உயரம் மட்டும் மாற்றுவது, பி16 டேம்பிங்கும் சேர்த்து. நம் ரோட்டுக்கு வாங்குவதென்றால் இரண்டாவது ஜாதிதான். ஆனால் இந்த லாபம் முன் சக்கரத்துக்கு மட்டும். டார்ஷன் பீமில் பெரும்பாலும் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அப்படிப்பட்ட காரில் பின்னால் உயரம் மாற்றுவது ஸ்பிரிங் சீட்டை வைத்துத்தான்.

செட் வாங்கும்போது டேம்பிங் கிளிக் எத்தனை என்று கேட்பதைவிட ஸ்பிரிங் எத்தனை கிலோ என்று கேட்பது முக்கியம். முன் சக்கரம் ஒன்றின் ஸ்பிரிங் 280 கிலோ தாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மி.மீ.க்கு 2 கிலோ ஸ்பிரிங் என்றால் நிற்கும்போதே 140 மி.மீ. அமுங்கியிருக்கும்; வண்டி வினாடிக்கு 1.3 தடவை ஆடும். அதே இடத்தில் 5 கிலோ ஸ்பிரிங் 56 மி.மீ.தான் அமுங்கும், ஆட்டம் வினாடிக்கு 2.1. மூத்திரப்பை நிறைந்த தாத்தாவை அந்த வண்டியில் மூலக்கடையிலிருந்து ராயபுரம் கூட்டிப்போக முடியாது. சொகுசு போவது மட்டுமில்லை. பள்ளத்தில் சக்கரம் 56 மி.மீ. இறங்கியதும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு டயரைத் தரையில் அழுத்த எதுவும் இல்லை. அந்தத் தளர்வை நிரப்பும் குட்டி ஹெல்பர் ஸ்பிரிங் இல்லாத செட்டில் 'டக் டக்' சத்தம் வருவது இங்கிருந்துதான். ரேஸ் டிராக்கில் ரோடு சமம், அங்கே 5 கிலோ சரி. இருங்காட்டுக்கோட்டை டிராக் நாள் மாதத்துக்கு ஒன்று, மீதி நாளெல்லாம் எண்ணூர் என்றால், கிடைப்பதில் மெத்தென்ற ஸ்பிரிங்கையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து டாப் மவுண்ட். பல செட்டுகளில் பில்லோ பால் எனும் உலோக உருண்டை மவுண்ட் வரும். ஸ்டியரிங் பதில் கூர்மையாக இருக்கும். ஆனால் மணலித் தூசியும் மழைத் தண்ணீரும் அந்த உருண்டைக்குள் போனால் சீக்கிரமே கடகடவென்று சத்தம் தொடங்கிவிடும். கம்பெனி ரப்பர் மவுண்ட் பொருந்தும் செட் இருந்தால் அதையே எடுங்கள்.

வெளிநாட்டு மாடலுக்குச் செய்த செட், பெயர் ஒன்றாக இருப்பதாலேயே நம் காருக்குப் பொருந்திவிடாது. நக்கிளில் (ஸ்ட்ரட் வந்து சேரும் சக்கரத் தாங்கி) போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், போல்ட் தடிமன், பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் ஒயர் கிளிப், லிங்க் ராட் மாட்டும் இடம் ஆகிய ஐந்தையும் பழைய ஸ்ட்ரட்டோடு பக்கத்தில் வைத்து அளந்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மாட்டும்போது எங்கே கெடுகிறது

கழற்றும் முன்னால் சமதரையில் வண்டியை நிறுத்தி, நாலு பக்கமும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். டயர் காற்று மாறினாலும் இந்த அளவு மாறாது. ஸ்பிரிங் சீட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் 5 மி.மீ.க்குள் பிரீலோடு (முன்கூட்டிய அமுக்கம்) போதும். உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டுக்குள் எவ்வளவு மரை இருக்க வேண்டும் என்று செட்டோடு வரும் தாளில் இருக்கும். உள்ளே இருக்கும் மரை அந்தக் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும்படி ஏற்றக் கூடாது. டாப் நட்டில் இம்பாக்ட் கன் கூடாது. ராடு சுழன்று உள்ளே சீல் கிழியும். ராடை ஆலன் கீயில் பிடித்துக்கொண்டு கை ஸ்பேனரால் இறுக்க வேண்டும்.

பெரும்பாலான கடைகளில் தவறுவது இது: லோயர் ஆர்ம் புஷ், பீம் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு.

நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி அளந்து, உயரம் சரிசெய்த பிறகே வீல் அலைன்மென்ட். இறக்கினால் டோ, அதாவது சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணம், மாறும். அப்படியே விட்டால் டயரின் உள் ஓரம் தேய்ந்து கம்பி தெரிகிறவரை வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. ஹெட்லைட் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

டேம்பிங்கை முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அந்த முனைதான் உறுதியானது. 16 நிலையில் 8இல் தொடங்கி, ஒரு தடவைக்கு இரண்டு கிளிக், இடமும் வலமும் ஒரே எண். வேகத்தடை தாண்டியதும் பின்பக்கம் இரண்டாவது தடவை எழுந்தால் பின்னால் இறுக்குங்கள். தொடர்ந்து ஒட்டுப்போட்ட ரோட்டில் வண்டி போகப் போகத் தாழ்ந்து, கடைசியில் இடிக்க ஆரம்பித்தால் ரீபவுண்ட் அதிகம். ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஸ்பிரிங் எழ நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இந்த ஒன்றைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டு இன்னும் இறுக்குகிறார்கள்.

உப்பும் சட்டமும்

காசிமேடு பக்கம் மீன் லாரியிலிருந்து வடியும் தண்ணீர், எண்ணூர் கடல்காற்று, மழைக்காலத்தில் சுரங்கப்பாதைகளில் தேங்கும் தண்ணீர்: மூன்றும் மரைக்கு எதிரி. இரும்பு உடலில் அலுமினிய காலர் இருந்தால் உப்பு பட்டு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு உயரம் மாற்றும் வசதிக்குக் கொடுத்த காசு வீண். தேங்கிய தண்ணீரில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நைலான் பிரஷ்ஷால் மரையைத் துடைத்து, காலரை இரண்டு சுற்று நகர்த்தி அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கிரீஸ் வேண்டாம், மணலைப் பிடித்து வைக்கும். உலர்ந்து படியும் லூப்ரிகன்ட் ஸ்ப்ரே நல்லது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். கம்பெனி உயரத்துக்கே போடும் மாற்று ஷாக்குக்கு இந்தத் தலைவலி இல்லை. காயில்ஓவர் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி வையுங்கள்.

கழற்றிய கம்பெனி செட்டைப் பழைய பாக மார்க்கெட்டான புதுப்பேட்டைக்குத் தள்ளிவிடாதீர்கள். காயில்ஓவர் சீல் லீக் ஆனால் பாகம் வர வாரக்கணக்கில் ஆகலாம். சில செட்டுகள் பிரித்துச் சரிசெய்யவே முடியாத மாதிரி சீல் வைத்தவை. பழைய ஸ்ட்ரட்டை ஸ்பிரிங், டாப் மவுண்ட்டோடு பிரிக்காமல், இடம் வலம் எழுதி, நிமிர்த்தி வைத்துவிடுங்கள். அரை நாளில் மாட்டி வண்டியை ஓட்டலாம்.