ஞானப்பல் எடுத்து மூன்றாம் நாள் வலி கூடுகிறதா? தயவுசெய்து காத்திருக்காதீர்கள்

கீழ்த்தாடையில் வலது பக்க ஞானப்பல்லை எடுத்து நாலு மாதம் ஆகிறது. அந்த முதல் வாரத்தில் நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் படவே தேவையில்லாதது என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து கோபம் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பல் சாய்வாக முளைத்து, பாதி ஈறுக்குள்ளேயே நின்றுவிட்டது. மேலே மூடியிருந்த ஈறு வீங்கி, சீழ் வைத்து, வாயை இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியவில்லை. அந்த நிலையில்தான் போனேன். மருத்துவர் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தார், அதில் பல்லின் மேல்பாகம் தெரிந்தது, வேர் முழுசாகத் தெரியவில்லை. "பத்து நிமிட வேலை, இன்றைக்கே முடித்துவிடலாம்" என்றார். நானும் வலி விட்டால் போதும் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

ஊசி போட்டார், உதடு மரத்தது, ஆனால் உள்ளே மரக்கவில்லை. எலும்பில் கருவி பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையைத் தூக்கினேன். "அது அழுத்தம்தான், வலி கிடையாது" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், அது சரிதான், யாருக்கும் தெரியும். ஆனால் சுருக்கென்று குத்தும் வலி தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்தது குத்தும் வலி. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும், அங்கே மரத்துப்போகும் மருந்து சரியாக வேலை செய்யாது, அவசரம் இல்லையென்றால் முதலில் வீக்கத்தையும் தொற்றையும் அடக்கிவிட்டுப் பிறகு எடுப்பதும் உண்டு என்பதை இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் மூன்றாவது தடவை கை தூக்கிய பிறகுதான் அடுத்த ஊசி போட்டார்கள்.

பல்லை மூன்று துண்டாக உடைத்து எடுத்து, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, மருந்துச் சீட்டைக் கையில் திணித்தார்கள். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒரு வரி எழுதித் தரவில்லை. வாசலுக்கு வரும்போது உதவியாளர் மட்டும் "வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீரில் நல்லாக் கொப்பளிங்க, சீக்கிரம் ஆறிடும்" என்றார். நம்பினேன். அன்று சாயங்காலமே நாலு தடவை, கன்னம் உப்ப உப்ப, வேகமாகக் கொப்பளித்துத் துப்பினேன்.

முதல் 24 மணி நேரம் செய்யவே கூடாத காரியம் அதுதான். பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும், கீழே இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பது அந்தக் கட்டிதான். வேகமாகக் கொப்பளித்தாலோ துப்பினாலோ, ஸ்ட்ராவில் உறிஞ்சினாலோ, புகை பிடித்தாலோ அது பெயர்ந்து போகலாம். உப்புத் தண்ணீர் மறுநாள்தான், அதுவும் வெதுவெதுப்பாக வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து அப்படியே வழியவிட வேண்டுமாம். இன்னொன்று, நான் அப்போது ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன், கருத்தடை மாத்திரை வகைதான். அதனாலும் இந்த ஆபத்து கூடும். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் ராத்திரி காதுக்குள் ஆணி அடித்த மாதிரி வலி, அங்கிருந்து பொட்டு வரைக்கும் ஏறியது. வாயில் ஒரு அழுகிய நாற்றம், தண்ணீர் குடித்தால்கூட அந்தக் கசப்பு. போன் செய்தேன், "பல் எடுத்தால் வலிக்கத்தான் செய்யும்" என்றார்கள். நேரில் போனேன், வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் வேறு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வேறு ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் விளக்கைத் திருப்பி, கண்ணாடியை வைத்து எனக்கே காட்டினார்: குழி வெறுமையாக, அடியில் சாம்பல் நிறத்தில் எலும்பு. இரத்தக் கட்டி போய் எலும்பு வெளியே தெரியும் இந்த நிலைக்குப் பெயர் டிரை சாக்கெட். அதற்கு மருந்து ஆன்டிபயாடிக் இல்லை. குழியைக் கழுவிவிட்டு, கிராம்பு எண்ணெய் வாசம் அடிக்கும் மருந்தில் தோய்த்த ஒரு சின்னத் துணியை உள்ளே வைத்தார். அரை மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது, நான் அந்த வராந்தாவில் உட்கார்ந்தே தூங்கிவிட்டேன். (கிராம்பு எண்ணெயை நீங்களாகவே குழிக்குள் ஊற்றாதீர்கள், அப்படியே பட்டால் புண்ணாக்கிவிடும்.)

வீக்கம் இரண்டு மூன்று நாள் வரை ஏறுவது வழக்கம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். வலி அப்படி இல்லை, நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இறங்கிவந்த வலி திரும்ப ஏறினால், அதோடு நாற்றமும் சேர்ந்தால், அன்றைக்கே போய் "டிரை சாக்கெட்டா என்று குழியைப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அந்த இரண்டாவது மருத்துவர் ஓபிஜி எனும் முழுத்தாடை எக்ஸ்ரேயும் எடுத்தார். எடுத்த பல்லின் குழிக்கு ஒட்டினாற்போல் கீழ்த்தாடை நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டிருந்தால் கீழுதடும் தாடையும் பல மாதம் மரத்துக் கிடந்திருக்கலாம், சிலருக்கு உணர்ச்சி திரும்பாமலே போவதும் உண்டு. நான் கையெழுத்துப் போட்ட நேரத்தில் இதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அது அவர்களுடைய திறமையால் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இடது பக்கப் பல்லைப் போன மாதம் இவரிடமே எடுத்தேன். தொடங்கும் முன் ஈறைக் கூர்முனையால் தொட்டுத் தொட்டு "இங்கே? இங்கே?" என்று கேட்டார். கை தூக்கினால் நிறுத்துவேன் என்றார், ஒரு தடவை தூக்கினேன், நிறுத்தினார். மரப்பு விடுவதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போடச் சொன்னார்: இபுபுரூஃபன் 400 மில்லிகிராம், கூடவே பாராசிட்டமால் 500. அதற்கு முன் வயிற்றுப்புண், சிறுநீரகத் தொந்தரவு, ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். முதல் நாள் முழுக்கக் கன்னத்தில் துணி சுற்றிய ஐஸ், கால் மணி நேரம் வைத்துக் கால் மணி நேரம் எடுத்து. மூன்றாம் நாள் காலையில் அவரே போன் செய்து, வலி நேற்றைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்டார். குறைந்திருந்தது.