வீட்டில் யாராவது பல்செட் போடுகிறார்களா? அம்மாவுக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள்

அம்மாவுக்கு மேல்வரிசை முழுக்கப் பல்செட். கீழே சொந்தப் பற்கள் கொஞ்சம் மிச்சம், இடைவெளிக்குக் கம்பி வைத்த சின்ன செட். மாட்டிவிட்ட அன்று கிளினிக்கில் சொன்னது ஒரே வரி: "ராத்திரியும் போட்டே இருங்கம்மா, அப்பதான் சீக்கிரம் பழகும்."

அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பல் இல்லாத முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சம் வேறு. சாப்பாடு, தூக்கம் எல்லாம் செட்டோடுதான். காலையில் பேஸ்ட் போட்டு நாலு தேய், அதுதான் சுத்தம்.

ஏழெட்டு மாதத்தில் வாயின் இரண்டு ஓரமும் வெடித்துப் புண்ணாகிவிட்டது. கொட்டாவி விட்டால் ரத்தம் கசியும். அதே கிளினிக்குக்குப் போனோம். "விட்டமின் குறைவு" என்று பி காம்ப்ளெக்ஸ் எழுதினார்கள். ஆறவில்லை. இரண்டாம் முறை, "செட் லூசாகிவிட்டது" என்று ஒட்டும் பேஸ்ட் ஒரு டியூப் விற்றார்கள். மூன்றாம் முறை, புது செட்டே செய்துவிடலாம் என்று அட்வான்ஸ் கேட்டார்கள். மூன்று தடவையில் ஒரு தடவைகூட செட்டைக் கழற்றச் சொல்லி உள்ளே பார்க்கவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை.

அட்வான்ஸ் கட்டும் முன் வேறொரு பல் டாக்டரிடம் காட்டினேன். நாற்காலியில் சாய்ந்ததுமே "கழற்றுங்கம்மா" என்றார். கண்ணாடியை உள்ளே வைத்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மேலண்ணம் முழுக்கச் செக்கச்செவேல். அந்தச் சிவப்பு செட் மூடியிருந்த இடத்தோடு, கோடு கிழித்த மாதிரி நின்றது. அதற்குப் பின்னால் சாதாரண நிறம். வலிக்கிறதா என்று கேட்டால் அம்மாவுக்குத் துளி வலி இல்லை! இதில் வம்பே அதுதான், பெரும்பாலும் வலிக்காது. செட்டின் உட்பக்கத்தைக் கருவி நுனியால் சுரண்டினார். வெள்ளையாக, வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது.

கேண்டிடா என்ற பூஞ்சை. வாயோரப் புண்ணுக்கும் காரணம் இதுதான். நம்மில் பலர் வாயில் சும்மா இருப்பதுதான். செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, அவற்றில் அது படிந்துகொள்ளும். இருபத்துநாலு மணி நேரமும் மூடியே வைத்தால் எச்சில் போய் அலசவும் வழியில்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பதே குறைவு. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் வாய் வறட்சியும் இதற்குத் தோது. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். நாங்கள் தேய்த்த பேஸ்ட் இன்னொரு தப்பு: அதன் நறநறப்பு செட்டில் கீறல் போடும், கீறலில் பூஞ்சை இன்னும் சுகமாக உட்காரும்.

மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஜெல் எழுதும் முன், "ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. ஆகவே மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கித் தடவாதீர்கள். வாய்க்கு மட்டும் மருந்து போட்டுச் செட்டை அப்படியே விட்டால் பூஞ்சை திரும்ப வந்துவிடும் என்றார். புண் ஆறிய பிறகும் ஒரு வாரம் ஜெல்லை நிறுத்தவில்லை.

இப்போது வீட்டில் நடப்பது இது. சாப்பிட்டதும் செட்டைக் கழற்றி அலசுகிறோம். தினமும் மென்மையான பிரஷ்ஷில் வாசனையில்லாத சோப்பு தொட்டு, முக்கியமாக உட்பக்கம், தேய்க்கிறோம். கீழே விழுந்தால் உடையும் என்பதால் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதன் மேல் பிடித்துக்கொண்டுதான். அண்ணத்தையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைக்கிறோம். இரவில் செட் தண்ணீர் டப்பாவில், தினம் புதுத் தண்ணீர். கிளீனிங் மாத்திரை கரைத்து ஊற வைத்தால் நன்றாக அலசிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். நான் புத்திசாலித்தனமாகக் கொதிக்கும் தண்ணீரில் போடப் போனேன், டாக்டர் தடுத்தார்: செட் வளைந்துவிடுமாம். பிளீச்சும் கம்பி வைத்த செட்டுக்கு ஆகாது. பல் பிடுங்கிய அன்றே செட் மாட்டினால் முதல் நாள் மட்டும் கழற்ற வேண்டாம் என்று சொல்வதுண்டு. எங்களுக்குச் சொன்னது அதுவல்ல, பிடுங்கி மாதங்கள் ஆகியிருந்தன.

புண் ஆறியது. புது செட்டும் தேவைப்படவில்லை, உட்பக்கம் மட்டும் ரீலைன் (ஈறுக்கு ஏற்பப் புது அடுக்கு வைப்பது) செய்ததில் பொருந்திவிட்டது.

பழைய கிளினிக்கில் போய்க் கேட்டேன். "நீங்க சுத்தமா வெச்சுக்கல சார், அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார்கள். அன்று கொடுத்த சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அம்மா பெயர், தேதி, பாக்கித் தொகை. எப்படிக் கழுவுவது, எப்போது கழற்றுவது என்று ஒரு வரி அதில் இல்லை. வரவேற்பில் இருந்த பெண் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒட்டும் பேஸ்ட்டுக்கு விளம்பரம்.