ஃபுளோரைடு கிணறு, ஆர்சனிக் கிணறு: எதற்கு எந்த வழி?

கிணற்று நீர் உடம்புக்கு ஆகாது என்று தெரிந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, "இன்னும் ஆழமாகப் போர் போட்டுவிடலாம்" என்பதுதான். ஆர்சனிக் இருக்கும் இடத்தில் அது நல்ல யோசனையாக இருக்கலாம். ஃபுளோரைடு இருக்கும் இடத்தில் அதுவே வினையாகிவிடும்.

ஆர்சனிக் பெரும்பாலும் ஆற்று வண்டல் நிலங்களின் பிரச்சினை. ஆக்சிஜன் இல்லாத மண்ணடுக்கில் இரும்புத் துரு கரையும்போது, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்கிவிடுகிறது. வங்கதேசத்தில் குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்குக்குப் பயந்து குழாய்க் கிணறுகளைப் போட்டார்கள். அவற்றில் ஆர்சனிக் இருப்பது 1993இல்தான் உறுதியானது. அங்கே 150 மீட்டருக்குக் கீழே பொதுவாக நல்ல நீர் கிடைக்கிறது. சோதித்த கிணறுகளில் ஆர்சனிக் மிகுந்ததற்குச் சிவப்பும், நல்ல நீர் உள்ளதற்குப் பச்சையும் பூசினார்கள். பல இடங்களில் சிவப்புக் கிணற்றிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே பச்சைக் கிணறு இருந்தது.

ஃபுளோரைடு கருங்கல் பாறைகளிலிருந்து வருவது. நீர் பாறையோடு எவ்வளவு காலம் கிடக்கிறதோ, அவ்வளவு கரையும். கால்சியம் குறைந்த நீரில் இன்னும் அதிகமாகக் கரையும். அதனால் ஆழ்துளைக் கிணற்றைவிட, மழையில் ஊறி நிரம்பும் பழைய திறந்த கிணறே பல நேரம் மேல். கிருமியைக் கவனித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கெடுதலிலும் இரண்டும் ஒன்றல்ல. ஃபுளோரைடு சிறிதளவு இருந்தால் பல்லுக்கு நல்லது. மிகுந்தால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். மிக அதிகமான அளவை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதுகெலும்பே இறுகிப்போகும். ஆர்சனிக்கால் உடம்புக்கு எந்த நன்மையும் உறுதியாகவில்லை. உலக சுகாதார அமைப்பின் வரம்பு ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக்குக்கு 0.01. சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரம் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் மிகுந்த ஆற்று நீரைக் குடித்தது. குழாயில் நீர் சுத்தமான பிறகும், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சாவுகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

சரி, வேறு கிணறே இல்லை என்றால்? கொதிக்க வைப்பதால் இரண்டுமே போகாது. நீர் ஆவியாவதால் அடர்த்திதான் கூடும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறை ஃபுளோரைடைக் குறைக்கும். ஆனால் கசடு நிறையச் சேரும். இரும்புத் துருவலை வைத்து வேதியியலாளர் அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டி ஆர்சனிக்குக்கானது. அமெரிக்கப் பொறியியல் அகாடமி தரும் கிரெய்ஞ்சர் பரிசை 2007இல் பெற்றது. ஃபுளோரைடுக்கு அதை நம்ப முடியாது. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) வடிகட்டி இரண்டையும் பிடிக்கும், ஆனால் அது நிரம்பிவிட்டதை நீரின் நிறமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. விடாமல் சோதிக்க வேண்டும். ஆர்.ஓ.வும் இரண்டுக்கும் உதவும். மின்சாரம் வேண்டும், கழிவு நீரும் நிறைய. மின்னேற்றம் இல்லாத ஆர்சனிக் வகை அதிலும் நழுவிவிடும் என்பதால், முதலில் ஆக்சிஜனேற்றம் செய்துகொள்வது நல்லது.

என் கட்சி மழைநீர்தான். அது பாறையைத் தொட்டதே இல்லை. குளிக்க, துவைக்கக் கிணற்று நீரே போதும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஐந்து பேருக்கு நாளுக்கு 25 லிட்டர் போதும். ஆறு மாதம் மழையில்லாவிட்டாலும் 4,500 லிட்டர் தொட்டி போதும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடித்து, தொட்டியை மூடி வைக்க வேண்டும்.